நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?

கம்ப்யூட்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. நான் உண்மையைச் சொன்னேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான். கூசாமல் ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தப் புதன்கிழமை காலையிலேயே வேலை முடிந்திருக்கும்.

முதலிலிருந்து சொல்கிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு மீனவர் குப்பத்துக்குத் திரும்புகிற முனையில் என் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். ஒரு பக்கம் டீக்கடை, இன்னொரு பக்கம் பஞ்சர் கடை. இருபது வருஷத்துக்கு மேலாகக் குப்பத்து ஜனங்களுக்கு மனு அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. முதியோர் பென்ஷன் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது, வலை வைக்க இடம் வேண்டும். அவர்கள் அரசாங்கத்திடம் சொன்னது எல்லாம் என் பத்து விரல் வழியாகத்தான் போயிருக்கிறது.

நான் கடற்கரைக்காரி இல்லை. செய்யூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கி எங்களை வளர்த்தார்கள். ஒரே ஒரு முறை எங்கள் பேருக்கு மூன்று சென்ட் வீட்டு மனை வந்தது. அந்தக் காகிதத்தை, "குடுங்க, சரிபார்த்துத் தர்றேன்" என்று ஒருத்தர் வாங்கிக்கொண்டு போனார். அப்பா அவர் வாசலுக்கு எத்தனை வருஷம் நடந்தார் என்று எனக்குத் தெரியும். காகிதம் வரவில்லை. மனையும் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. சர்ச் ஃபாதரே வந்து கேட்டாலும் ஒரிஜினலைக் கையில் கொடுக்கக் கூடாது, ஜெராக்ஸ்தான். செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு நான் ஜெராக்ஸ் கடை வைத்தேனே, அதற்குக் கூட அந்த ஆத்திரம்தான் காரணம். இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அதனால் என் கடையில் எதுவானாலும் மூன்று செட். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று மனு கொடுக்கிறவருக்கு, ஒன்று என் கம்ப்யூட்டரில். அத்தோடு விட மாட்டேன். ஆபீசில் கொடுத்துவிட்டுச் சீல் வாங்கிய நகலைக் கடைக்கு எடுத்து வந்து காட்ட வேண்டும். அதில் போட்டிருக்கும் பெறுகை எண்ணையும் தேதியையும் என் கோப்பின் அடியில் அடித்து வைப்பேன். "இன்னா டைப்பக்கா, நீ இன்னா கலெக்டரா?" என்று அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும். எண் இல்லாத மனு ஆபீசில் காற்றோடு போன மாதிரிதான், அது எனக்குத் தெரியும்.

இந்த மனுக்கள் எல்லாம் இருந்தது ஒரு பழைய தமிழ் டைப்பிங் மென்பொருளில். டைப்ரைட்டர் விசைப்பலகை. நான் கற்ற கைக்கு அதுதான் ஓடும். அதன் கோப்பை வேறு எதில் திறந்தாலும் தமிழ் வராது, பூச்சி பூச்சியாக ஏதோ வரும். அந்த மென்பொருளோ பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பல வருஷத்துக்கு முன்னால் பழைய கம்ப்யூட்டர் உப்புக்காற்றில் துரு ஏறிச் செத்துவிட, நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து ரிசார்ட்டில் தங்கியிருந்த ஒருவர் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்பவராம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கடலைப் பார்க்க வந்த மனுஷன் இரண்டு மத்தியானம் என் ஸ்டூலில் உட்கார்ந்து புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரை உருவாக்கிக் கொடுத்தார்.

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர். மெய்நிகர் கணினி என்று தமிழில் சொல்கிறார்கள். நான் உள் கம்ப்யூட்டர் என்பேன். வெளியே புது விண்டோஸ். நடுவில் ஒரு ஜன்னலைத் திறந்தால் உள்ளே என் பழைய விண்டோஸ், பழைய பச்சைப் புல்வெளிப் படம், என் மென்பொருள், என் மனுக்கள். அது இரும்பும் இல்லை, கம்பியும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் பத்துப் பதினைந்து கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் கிடந்தது. போகும்போது அவர் ஒன்று சொன்னார். "இந்த சாப்ட்வேர் கம்ப்யூட்டரோட ஒரு நம்பரைப் பார்த்துட்டுத்தான் திறக்கும் மேடம். இப்ப அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணி இந்த நம்பருக்குச் சாவி வாங்கியாச்சு. நம்பர் மட்டும் மாறாம பாத்துக்கோங்க." நானும் தலையாட்டினேன். எந்த நம்பர், அது எப்படி மாறும் என்று கேட்கத் தோன்றவில்லை. கொஞ்ச வருஷத்தில் சாவி கொடுத்த கம்பெனியே மூடிவிட்டது.

இனி அக்கா. அக்கா குப்பத்தில் இருப்பவள். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, கூடையில் மீன் கொண்டுபோய் விற்பவள். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு வயது அதிகம் என்று இதுவரை முடிவாகவில்லை. அவள் என்னை டைப்பக்கா என்பாள், நான் அவளை அக்கா என்பேன். அந்தத் திங்கட்கிழமை காலை கூடையை டீக்கடை வாசலில் இறக்கிவிட்டு, மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"டைப்பக்கா, சுனாமி வந்த வருசம் நீ எனக்கு ஒரு மனு அட்ச்சு குட்தியே, அது கீதா?"

"இல்லாம எங்க போவும்? இன்னா விஷயம்?"

கரையோரத்து வீடுகளைக் கணக்கெடுக்கிறார்களாம். அக்கா வீட்டுக்கும் வந்தார்களாம். படிவத்தில் ஒரு கட்டம், இந்த இடத்துக்குக் குடியேறிய ஆண்டு. அதை நிரப்பாமல் படிவம் போகாதாம்.

"நீ எப்ப இங்க நகந்து வந்தேன்னு கேக்கறான். பொறந்ததே இங்கதாண்டாப்பான்னேன். அப்டி எய்த கட்டம் இல்லியாம். தெரியலன்னா இப்பதான் வந்தேன்னு போட்டுக்கறேங்கறான். அப்டி போட்டான்னா நானு பின்னால வந்து குந்திக்கினவ. வூட்ட இடிச்சிடுவானுங்க."

"மனு குடுத்தேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அப்டி ஒரு மனுவே வரலன்றான். வெள்ளிக்கெயம விசாரண. ஆபீசுக்கு வர்ணுமாம்."

சீல் போட்ட நகல் அவளிடம் இருந்ததே என்று கேட்டேன். போன மழையில் கூரை ஒழுகி, தகரப் பெட்டிக்குள் இருந்த காகிதம் எல்லாம் களியாகிவிட்டதாம். சொல்லும்போது அக்காவின் குரல் உடைந்தது. புயலில் படகு போன அன்றுகூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

அந்த மனு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கடல் உள்ளே வந்து போன பிறகு, குப்பத்தையே சாலைக்கு அந்தப் பக்கம் தூக்கி வைக்கிறோம் என்றார்கள். அக்கா அதற்கு எதிராக மனு அடிக்க வந்தாள். நான் மனுத் தமிழில், "மேற்படி இடத்தை விட்டு நகர இயலாத நிலையில் உள்ளோம்" என்று அடித்துப் படித்துக் காட்டினேன். "இன்னாது அது, இயலாத? எனுக்கு காலு இல்லியா? நகர மாட்டோம்னு அடி" என்றாள். ஆபீசர் கோபித்துக்கொள்வார் என்றேன். "கோச்சிக்கட்டும்" என்றாள். நகர மாட்டோம் என்றே அடித்தேன். என் வாழ்க்கையில் அடித்த மனுக்களிலேயே மரியாதை குறைவான மனு அதுதான்.

சரி, ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தருகிறேன் என்று உள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கொஞ்ச நாளாகவே டிக், டிக் என்று நகம் வெட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. நான்தான் நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் மூன்று செட் எடுக்கச் சொன்ன மகராசி, தன் டிஸ்க்குக்கு ஒரு செட் எடுக்கவில்லை. பச்சைப் புல்வெளி பாதி வந்தது, நின்றது, நீலத்திரை வந்தது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நீலம்.

செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார்.

"முடிஞ்சிடுச்சு மேடம். புது டிஸ்க் போட்டுத் தர்றேன். இன்னும் எதுக்கு அந்தப் பழைய விண்டோஸைக் கட்டிக்கிட்டு அழறீங்க? எல்லாத்தையும் புதுசா அடிச்சுக்கோங்க."

எனக்கு வந்ததே கோபம். "இருபது வருஷத்து மனுவை எப்படிப்பா புதுசா அடிக்கிறது? ஆபீஸ்ல குடுத்த நம்பரையும் நானே புதுசா போட்டுக்கவா?" என்றேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன்.

மெக்கானிக் நல்ல மனுஷன்தான். பயந்துபோய் வழி சொன்னார். உள் கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கக் கூடாது. ஓட்ட ஓட்ட டிஸ்க் செத்துக்கொண்டே வரும். அந்த ஃபோல்டரை மட்டும் புது டிஸ்க்குக்கு காப்பி போட வேண்டும். டிஸ்க் சூடானால் நிற்கும். ஆறவிட்டு மறுபடி தொடர வேண்டும். எத்தனை தடவை தாங்கும் என்று கேட்டேன். "ஒரு தடவை. மிஞ்சிப் போனா ரெண்டு தடவை" என்றார். புது டிஸ்க்கில் விண்டோஸ் ஏற்றி, பழையதை வெளியே ஒரு கேபிளில் மாட்டிக் கொடுத்தார். புது டிஸ்க் தீப்பெட்டி மாதிரி இருந்தது. அதற்குள் இருபது வருஷம் போகுமா என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

அன்று மத்தியானமே கடையில் காப்பி போட்டேன். உள் கம்ப்யூட்டரின் டிஸ்க், இரண்டு இரண்டு ஜிபி துண்டுகளாகப் பதினொரு கோப்பு. கூடவே சில்லறைக் கோப்புகள் நாலைந்து. ஒவ்வொரு துண்டும் நத்தை வேகத்தில் நகர்ந்தது. டேபிள் ஃபேனை டிஸ்க்குக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு நான் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை காலை வந்து பார்த்தால் பதினொன்றும் புது டிஸ்க்கில் இருந்தது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, புதிய இடத்திலிருந்து உள் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இந்தக் கணினி நகர்த்தப்பட்டிருக்கலாம், அல்லது நகலெடுக்கப்பட்டிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி. கீழே இரண்டு பொத்தான். நகர்த்தினேன். நகலெடுத்தேன். அதற்குக் கீழே ஒரு புத்திமதி வேறு: தெரியாவிட்டால், நகலெடுத்தேன் என்று சொல்லவும்.

எனக்கா தெரியாது? ஜெராக்ஸ் கடைக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? ஒரிஜினல் பழைய டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது. நகல்தான் இங்கே இருக்கிறது. ஒரிஜினலை நகர்த்துகிற பழக்கமே எங்கள் பரம்பரையில் இல்லை. மார்தட்டிக்கொள்ளாத குறையாக, நகலெடுத்தேன் என்பதை அழுத்தினேன்.

பச்சைப் புல்வெளி வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மென்பொருளைத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இந்தக் கணினியில் பதிவு செய்யப்படவில்லை, சாவி எண்ணைத் தரவும் என்றது. பழைய சாவியைக் கொடுத்தேன். தவறு என்றது. நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கொடுத்தேன். தவறு என்றது.

பிறகுதான் ரிசார்ட்காரர் சொன்னது மண்டையில் இறங்கியது. நம்பர் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நகல் என்று சொன்னால், ஒரிஜினல் ஒன்று எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டுக்கும் ஒரே நம்பர் இருக்கக் கூடாது என்று நகலுக்கு அது புது நம்பர் போட்டுவிடுகிறது. நகர்த்தினேன் என்றால் பழைய நம்பரையே விட்டுவைக்கும். என் மென்பொருளுக்கு நான் புது ஆள் ஆகிவிட்டேன். சாவி கேட்க அந்தக் கம்பெனியும் உயிரோடு இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, வலிக்கிற மாதிரி.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்து நின்றாள். மறைத்து என்ன பயன்? சொன்னேன்.

"பொட்டி இன்னா கேட்டுச்சு?"

"நகர்த்தினியா, நகல் எடுத்தியான்னு கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"நகல்னேன். நகல்தான எடுத்தேன்!"

"தெரியாத்தனமா சொல்ட்டியா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன். தெரியாதவங்களும் அதத்தான் சொல்லணுமாம், கீழயே எழுதியிருக்கு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தாளும் இதேதான் சொன்னான் டைப்பக்கா. தெரியலன்னா இப்பதான் வந்தேன்னு போட்டுக்கறேன்னு. இந்த பொட்டியும் அவனும் ஒரே பள்ளிக்கூடம் போல கீது." சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "ஒரிஜினலு கீதா இன்னும்?"

"இருக்கு. மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு."

"அப்பறம் இன்னா பேஜாரு? இன்னொருவாட்டி எடு. இந்தவாட்டி பொய் சொல்லு."

சண்டே ஸ்கூலில் பொய் சொல்லக் கூடாது என்று கற்றதை நான் பெரும்பாலும் காப்பாற்றியவள். அன்று அது இடைஞ்சலாகவே தோன்றவில்லை. சரியான பதில் இல்லாத இடத்தில் இரண்டு பொத்தானை வைத்துவிட்டு அழுத்து என்பவர்களிடம் நான் ஏன் நாணயமாக இருக்க வேண்டும்? மறுபடி முதலிலிருந்து காப்பி போட்டேன். பிற்பாடு விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார், அந்த நம்பர் ஒரு சின்னக் கோப்பில்தான் இருக்கும், அதை மட்டும் எடுத்திருந்தால் அரை நொடியில் முடிந்திருக்கும் என்று. சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு என் பக்கத்தில் அவர் இல்லை. எனக்குத் தெரிந்தது முழு செட் எடுப்பதுதான்.

எட்டுத் துண்டு வந்தது. ஒன்பதாவதில் நின்றுவிட்டது. டிஸ்க்கைத் தொட்டால் சுட்டது. நிறுத்தினேன், ஆறவிட்டேன், தொடர்ந்தேன். மறுபடியும் பாதியில் நின்றது. டேபிள் ஃபேன் அனல் காற்றைத்தான் தள்ளியது. அக்கா எழுந்து போனாள். திரும்பி வரும்போது மீன் பெட்டியிலிருந்து ஒரு பை நிறைய ஐஸ் கொண்டுவந்தாள்.

"டிஸ்க் மேல கிஸ்க் மேல வெச்ச, கொன்னுடுவேன்" என்றேன்.

"எனுக்கு தெரியாதா? தண்ணி பட்டா எது உருப்படும்?" என்று எவர்சில்வர் தாம்பாளத்தில் ஐஸ் பையை வைத்து, அதை ஃபேனுக்கு முன்னால் நிறுத்தினாள். காற்று ஜில்லென்று வந்தது. கூடவே வஞ்சிர வாடையும் வந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு வாத்தியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க இது, கடையா மார்க்கெட்டா?" என்றார். "ஆபரேஷன் தியேட்டர்" என்றேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். அவர் போன கடையில் ஜெராக்ஸ் கறுப்பாக விழும், எனக்குத் தெரியும்; சொல்லவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது முடிந்தது. வியாழக்கிழமை காலை பத்தும், மத்தியானம் பதினொன்றும் முடிந்தன. அக்கா அன்று மீன் எடுக்கவே போகவில்லை. என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, எழுத்து தெரியாத கண்ணால் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். கேள்வி வந்தது. நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?

"இப்ப சொல்லு" என்றாள் அக்கா.

நகர்த்தினேன் என்றேன்.

புல்வெளி வந்தது. மென்பொருள் சாவி கேட்காமல் திறந்தது. அக்காவின் பெயரைத் தட்டித் தேடி, கோப்பைத் திறந்தேன். பெறுநர், பொருள், ஐயா வணக்கம், கதவு எண் இல்லாத வீட்டுக்கு வடக்கே அம்மன் கோயில், கிழக்கே கடல் என்று நான்கு எல்லை. கடைசிப் பத்தியில், நகர மாட்டோம். அதற்கும் கீழே, என் கையால் பிறகு அடித்துச் சேர்த்தது: பெறுகை எண், தேதி. எண்ணைச் சத்தமாகப் படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். இன்னொரு தரம் படித்தேன். மூன்று செட் பிரிண்ட் எடுத்தேன். அன்று சாயங்காலம் பழைய டிஸ்க்கைச் சும்மா மாட்டிப் பார்த்தேன். டிக் சத்தம்கூட வரவில்லை. ஆகக்கூடி நான் சொன்ன பொய்யும் அத்தோடு உண்மையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு இரண்டு பேரும் போனோம். எந்த ஆபீஸ், எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். அக்கா தலைக்கு எண்ணெய் வைத்து, விசேஷத்துக்குக் கட்டுகிற நீலப் புடவை கட்டியிருந்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்தது, அக்கா வீட்டுக்கு வந்து கேட்ட அதே அலுவலர். காகிதத்தை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பினார்.

"இது நீங்க நேத்து அடிச்சுக் கொண்டாந்தது. ஒரிஜினல் எங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இருபது வருஷம் கடை நடத்தியிருக்கிறேன் என்று தோன்றியது. "ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கு சார். மனுன்னா ஒரிஜினல் ஆபீசுக்குத்தான குடுப்பாங்க? எங்ககிட்ட நகல்தான் இருக்கும். நீங்க போட்ட நம்பர் அடியில இருக்கு. உங்க ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அதெல்லாம் பழைய பில்டிங்ல இருந்தது மேடம். ஆபீஸ் இங்க மாறினப்ப எல்லாத்தையும் நகர்த்தினாங்க. எது எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"நானு எப்ப நகந்து வந்தேன்னு தான சார் கேட்டே? நகந்தது நீயி. நானு நகரல."

அறையில் இருந்த ஃபைல் எல்லாம் நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்து மேஜை அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். அலுவலர் முகம் சிவந்து, நாளைக்கு வாருங்கள் என்றார். நாளைக்குச் சனிக்கிழமை என்றேன். திங்கட்கிழமை என்றார். அக்கா அவர் மேஜைக்கு எதிரில் இருந்த பெஞ்சில் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் டீ குடிக்கப் போய் வந்தார்; நாங்கள் இருந்தோம். சாப்பிடப் போய் வந்தார், இருந்தோம். எனக்குப் பசியில் காது அடைத்தது. ஆனால் எழுந்தால் மறுபடி உட்கார விடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் பக்கத்து மேஜை அம்மாவே எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வரும்போது கையில் நீள நோட்டு, புடவையெல்லாம் தூசி. எண்ணைக் கேட்டார். சொன்னேன். விரலை வைத்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார். அந்த எண், அந்தத் தேதி, அக்காவின் பெயர், ஊதா மசி. பொருள் என்ற கட்டத்தில் அன்றைக்கு இருந்த யாரோ ஒரு கிளார்க், மனுவில் இருந்ததை மாற்றாமல் எழுதி வைத்திருந்தார்.

"இன்னா எய்திக்கீது?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"நகர மாட்டோம்னு எழுதியிருக்கு."

அக்கா அந்த எழுத்தை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கத்துக்குச் சீல் போட்ட நகல் வேண்டும், மூன்று செட் என்றேன். கொடுத்தார்கள். பிறகு அலுவலர் படிவத்தை எடுத்தார். பேனா, குடியேறிய ஆண்டு என்ற கட்டத்தின் மேல் வந்து நின்றது.

"இதுல எதையாவது போட்டாத்தான் போகும். என்ன போடறது?" என்றார். இப்போது அவர் குரலில் அதிகாரம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"கோடு போடு" என்றாள் அக்கா.

அவர் கோடு போட்டார்.